ழூயி துணிக்கு ஊர் எது?

பிரான்சில் பழைய பாணியில் அலங்கரித்த படுக்கையறைகளில் சுண்ணாம்புச் சுவர் கண்ணில் படாது. கூரையோரத்திலிருந்து தரையோரம் வரை மெல்லிய மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பருத்தித் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். வெள்ளை நிலம், அதில் ஒரே நிறத்தில் உருவங்கள். பெரும்பாலும் சிவப்பு, சில வீடுகளில் நீலம் அல்லது கத்தரிப்பூ நிறம். ஆடு மேய்க்கும் பெண், இடிந்த கோபுரம், ஊஞ்சல், மரத்தடியில் குழல் ஊதுபவன் என்று சிறு சிறு காட்சிகள் தீவுகளைப்போலத் தனித்தனியாக நிற்கும். அதே துணிதான் கட்டிலைச் சுற்றிய திரை, மெத்தை விரிப்பு, நாற்காலி உறை, ஜன்னல் திரை எல்லாம். துணிக்குப் பணம் போதாத வீட்டில் அதே மாதிரியை அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டினார்கள்.

இந்தத் துணிக்கு 'துவால் தெ ழூயி' என்று பெயர். பாரிஸுக்குத் தென்மேற்கே, வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில், பியேவ்ர் என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கும் ழூயி-ஆன்-ழோசாஸ் என்ற ஊரில் செய்யப்பட்டதால் வந்த பெயர். 1947-இல் கிறிஸ்தியான் தியோர் பாரிஸில் தன் ஆடைக்கூடத்தைத் திறந்தபோது, அதனுள் இருந்த சிறு கடையின் சுவர் முழுக்க இந்தத் துணியைத்தான் போர்த்தினார். பிரெஞ்சு வீட்டலங்காரம் பற்றி இன்று வரும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் 'பிரான்சின் மரபுத் துணி' என்று இதற்கு ஒரு அத்தியாயம் இருக்கும்.

சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளைப் பற்றிப் படித்துவரும் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மரபு என்றால் எந்த ஆண்டிலிருந்து? யார் கையிலிருந்து யார் கைக்கு? வெளுக்காத சிவப்பைப் பருத்தியில் ஏற்றுவது 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குத் தெரியாத வித்தை. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் போடத் தெரிந்தவர்கள் பருத்தியின் முன் திகைத்து நின்றார்கள். அந்த வித்தை ழூயிக்கு எந்த வழியாகப் போனது என்பதுதான் என் தேடல்.

காப்பகத்துக்குப் போகும் முன் துணியையே விசாரித்துவிட வேண்டும். பழைய துணி பொய் சொல்லாது. கேட்கத் தெரிந்தால் போதும்.

முதல் சாட்சி துணியின் முனை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் அச்சிட்ட ஒவ்வொரு பாவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆலையின் பெயரையும் ஊரையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ழூயி துணியில் அந்த ஆலையை நிறுவிய ஓபர்காம்ஃபின் பெயர், ழூயியின் பெயர், அவற்றுடன் 'நல்ல சாயம்' என்ற உறுதிமொழி. மூன்றும் சேர்ந்த முனை கிடைத்துவிட்டால் வழக்கில் பாதி முடிந்தது. துயரம் என்னவென்றால், திரை தைப்பவர் முதலில் வெட்டி எறிவது அந்த முனையைத்தான்.

அடுத்த சாட்சி, மாதிரி திரும்ப வரும் இடைவெளி. மர அச்சைக் கையால் தூக்கி அடிக்க வேண்டும். ஆகவே அது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு அச்சின் மூலையிலும் ஊசி அடித்திருப்பார்கள்; அடுத்த அச்சை எங்கே வைப்பது என்று காட்டும் சிறு புள்ளி துணியில் பதியும். தேடினால் பூக்களுக்கு நடுவே அந்தப் புள்ளிகள் கிடைக்கும். செப்புத்தகடு வந்ததும் கதை மாறியது. அயர்லாந்தில் 1752-இல் தொடங்கிய அந்த முறை ழூயிக்கு 1770-இல் வந்தது. தகட்டின் மாதிரி ஒரு மீட்டர் வரை நீளும். மெல்லிய கோடுகளால் நிழலும் ஒளியும் காட்டும். 1797-இல் செப்பு உருளை வந்தது. உருளையின் சுற்றளவுதான் மாதிரியின் நீளம். அது ஏறத்தாழ அரை மீட்டர். ஆக, ஒரு அளவுகோலை வைத்தே துணியின் வயதைக் கணித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பச்சை இலை. நிறம் பல கொண்ட ழூயி பூத்துணி ஒன்றில் இலையின் ஓரத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். ஒரு பக்கம் நீலம் கொஞ்சம் வெளியே வழிந்திருக்கும். மறுபக்கம் மஞ்சள் எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் மட்டும் பச்சை. அன்று ஒரே அடியில் பச்சையைப் பிடிக்க வழியில்லை. நீலத்தின்மேல் மஞ்சளைத் தூரிகையால் பூசினார்கள். அதற்கென்றே பெண்கள் ஆலையில் வரிசையாக மேசை முன் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஓபர்காம்ஃபின் சகோதரி மகன் சாமுவேல் விட்மர் 1808 வாக்கில் ஒரே சாயமாகப் பச்சையை உருவாக்கிய பிறகுதான் ஓரங்கள் சுத்தமாயின. ஓரம் பிசகிய இலை என்றால் அது அதற்கு முந்தைய துணி. பிசகிய அந்த இலையில் ஒரு பெண்ணின் கை தெரிகிறது. அச்சுத் துணி என்று நாம் சொல்வதில் பாதி, கையால் தீட்டிய எழுத்துத் துணிதான்.

இந்தத் துணிகளிலேயே ஒன்று என்னை நேராகச் சோழமண்டலக் கரைக்கு இழுத்துவந்தது. 1783-இல் அரசன் பதினாறாம் லூயி ழூயி ஆலைக்கு 'அரச ஆலை' என்ற பட்டம் கொடுத்தான். அதைக் கொண்டாட ஓபர்காம்ஃப், விலங்கோவியத்தில் பேர்பெற்ற ழான் பாப்திஸ்து உவேயை அழைத்து ஒரு மாதிரி வரையச் சொன்னார். உவே வரைந்தது மேய்ப்பர்களையோ தேவதைகளையோ இல்லை. ஆலையின் வேலைகளையே வரைந்தார். ஆற்றில் துணியை அலசுகிறார்கள். அடித்துத் துவைக்கிறார்கள். புல்வெளியில் நீள நீளமாக விரித்து வெயிலில் போடுகிறார்கள். ஒருவர் செப்புத்தகட்டில் செதுக்குகிறார். இன்னொருவர் அச்சு அடிக்கிறார். கொப்பரையில் சாயம் கொதிக்கிறது. தான் உருவான கதையைத் தானே சொல்லும் துணி, பணக்கார வீடுகளின் கட்டில் திரையாகத் தொங்கியது.

அலசு, அடி, விரி, வெயிலில் காயவை, சாயத்தைப் பிடிக்கும் காரம் இடு, சாயத்தில் கொதிக்கவை, மறுபடி புல்லில் விரி. இந்த வரிசையை நான் வேறொரு இடத்தில் படித்திருந்தேன். அந்த ஆவணத்தின் ஆண்டு 1734. இடம் புதுச்சேரி.

அதற்குப் போகும் முன் ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். 1734-இல் பிரான்சில் யாரும் இந்தத் துணியைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, உடுத்தக்கூடாது, நாற்காலிக்கு உறையாகக்கூடப் போடக்கூடாது.

17-ஆம் நூற்றாண்டில் கப்பல்களில் வந்திறங்கிய இந்தியச் சீட்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'எந்தியென்' என்று அழைத்து வெறியோடு வாங்கினார்கள். 1670-இல் மோலியேர் எழுதிய நாடகத்தில், கனவானாக ஆசைப்படும் வணிகன் போட்டுக் காட்டிக்கொள்வது இந்தியத் துணியில் தைத்த மேலங்கியைத்தான். மார்செய் நகரில் 1648-லேயே, சீட்டுக்கட்டுக்கு அச்சு செதுக்கும் ஒருவர் துணிக்கும் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். பட்டு, கம்பளி நெசவாளர்கள் பதறினார்கள். 1686 அக்டோபர் 26-ஆம் தேதி அரசாணை வந்தது: இந்தியச் சீட்டியும் கூடாது, உள்நாட்டில் அதைப் பார்த்து அச்சிடுவதும் கூடாது, அச்சுக் கட்டைகளை உடைத்தெறிய வேண்டும். அடுத்த எழுபத்து மூன்று ஆண்டுகளில் இதை ஒட்டி எண்பது ஆணைகள் வரை பிறந்தன. தெருவில் போகும் பெண்ணின் உடையைக் காவலர்கள் பிடுங்கினார்கள். கடத்துபவர்களைத் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பினார்கள். இத்தனைக்கும் நடுவில், அரசனின் காதலி மதாம் தெ பொம்பதூர் தன் பெல்வ்யூ மாளிகையைத் தடைசெய்யப்பட்ட இந்தியத் துணியால்தான் அலங்கரித்திருந்தார். எண்பது ஆணை போட்டும் நிற்காத ஆசை என்றால், அந்தத் துணியில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

தடை நடப்பில் இருக்கும்போதே அரசின் அறிஞர்கள் அந்த வித்தையைத் தேடினார்கள் என்பதுதான் இந்த வழக்கின் திருப்பம்.

எனக்கு முதல் தடம் கிடைத்தது பிரான்சில் அல்ல, அகமதாபாத்தில். அங்கிருந்து 1950-களில் வெளிவந்த இந்தியத் துணி வரலாற்று இதழில், முலூஸ் நகரத்து ஆய்வாளர் பால் ஷ்வார்ட்ஸ் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்திருந்தார். மூலம் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கிறது. துணி ஆவணம் தாவரங்களும் எலும்புகளும் உள்ள நிறுவனத்துக்கு ஏன் போனது? அந்தக் கேள்விக்கு விடை, கேட்டு எழுதியவரின் பெயரில் இருந்தது. ஷார்ல் தூ ஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733-இல் கண்டறிந்த அதே தூ ஃபேதான். அவர் அரசத் தாவரத் தோட்டத்தின் தலைவர். அரசுக்காகச் சாயங்களைச் சோதித்துப் பார்த்தவரும் அவரே. இந்தியாவுக்குப் போகும் கப்பல் அதிகாரி பொலியூவிடம் அவர் வேண்டிக்கொண்டார்: புதுச்சேரியில் சீட்டி எழுதுவதை நேரில் பார்த்து எழுதி அனுப்புங்கள்.

பொலியூ அதற்கும் மேலே போனார். தன் கண்முன்னே ஒரு துணியை முதலிலிருந்து கடைசிவரை எழுதச் செய்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். மொத்தம் 11 துண்டுகள், கையெழுத்தோடு இன்றும் இருக்கின்றன. ஒரு கைவினையின் ஒவ்வொரு படியும் பொருளாகவே பதிவான இப்படியொரு ஆவணம் துணி வரலாற்றில் மிக மிக அரிது.

அந்தத் துண்டுகளை வரிசையாகப் பின்தொடர்ந்தால் ஓர் அறை முழுக்க நடந்த வேலை கண்முன் வருகிறது. பாதி வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து காயப்போடுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் காரத்தைப் பிடித்து நிறுத்தும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு ஊறிப் பரவாமல் காக்கும். மரக்கட்டையில் வைத்து அடித்து நெருக்கி வழவழப்பாக்குகிறார்கள். துளையிட்ட காகிதத்தைத் துணிமேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் ஒற்றுகிறார்கள். கோலப்புள்ளிகளாக உருவம் இறங்குகிறது. இரும்பைப் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர்.

படிகார நீருக்கு நிறம் கிடையாது. எங்கே எழுதினோம் என்று எழுதுபவருக்கே தெரியாது. அதற்காகப் பதிமுகக் கட்டையின் சாற்றை அதில் கொஞ்சம் கலந்துகொண்டார்கள். அந்தச் சிவப்பு நிற்காது, கழுவினால் போய்விடும். கண்ணுக்கு அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு துணியைச் சாயவேர் கொதிக்கும் பானையில் போடுகிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை விழுங்கிக்கொள்கிறது. மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறத்தை ஆட்டுப் புழுக்கை நீரும் வெயிலும் வெளுத்துவிடும். நீலத்துக்கு வேறு வழி: வேண்டாத இடமெல்லாம் உருக்கிய மெழுகால் மூடிவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பது. மெழுகைக் கொதிநீரில் நீக்கியபின் மஞ்சள் பூச்சு கடைசியாக வரும்.

சாயத்தை நேராகப் பூசாமல், சாயத்தைப் பிடிக்கும் காரத்தைத் துணியில் எழுதி, சாயத்தைப் பானையில் வைத்திருக்கும் இந்த அறிவுதான் ஐரோப்பா தேடியது. அதைத் தாண்டி ரகசியம் எதுவும் இல்லை; அதற்குள் எல்லாமே இருக்கிறது.

எட்டு ஆண்டுகள் கழித்து இரண்டாவது சாட்சி கிடைக்கிறது. 1742 ஜனவரி 18-ஆம் தேதி, கரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி கெர்தூ பாரிஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று பின்னாளில் எழுதியவரும் இவரே. சீட்டி எழுதும் தொழிலாளர் சிலர் மதம் மாறி அவரிடம் வந்திருந்தார்கள். அவர்களைத் தனித்தனியாக விசாரித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்து எழுதினார். அவருடைய விவரம் பொலியூவின் துண்டுகளோடு பொருந்துகிறது. ஒருவரையொருவர் சாராத இரண்டு சாட்சிகள் ஒரே முறையைச் சொன்னால் அதை நம்பலாம். கெர்தூவின் கடிதம் அச்சில் வந்து பிரான்சு முழுக்கப் படிக்கப்பட்டது.

1758-இல் அப்பே மொரெல்லே என்ற எழுத்தாளர், சீட்டி அச்சைத் தடையின்றி விட வேண்டும் என்று வாதாடி ஒரு நூல் வெளியிட்டார். 1759 செப்டம்பரில் தடை நீங்கியது. 1760-இல், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எழுத்துத் துணி செய்யும் முறை பற்றிப் பிரெஞ்சில் ஒரு தனி நூலே வந்துவிட்டது. அதே 1760 மே 1-ஆம் தேதி, ழூயியில் கல்பாலத்து வீடு என்ற சிறு வீட்டில், 22 வயது கூட நிரம்பாத கிறிஸ்தோஃப் பிலிப் ஓபர்காம்ஃப் தன் முதல் துணியை அச்சிட்டார்.

தேதிகளை மட்டும் வைத்தால் வழக்கு முடிந்தது போலத் தோன்றும்: புதுச்சேரி, பொலியூ, பாரிஸ், ழூயி. ஆனால் தேதிகள் அடுத்தடுத்து வருவது சான்று ஆகாது. ஓபர்காம்ஃப் இந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் தொழில் கற்றாரா?

இல்லை. அவர் ஜெர்மனியில் 1738-இல் சாயக்காரர் வீட்டில் பிறந்தவர். குடும்பம் சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஊருக்குப் போய்த் துணி அச்சில் நிலைத்தது. தொழிலை அப்பாவிடம் கற்றார். பிறகு முலூஸில் செதுக்குபவராக வேலை பார்த்தார். முலூஸ் அன்று தனிக் குடியரசு. பிரான்சின் தடை அங்கே செல்லாது. 1746-லேயே அங்கே சீட்டி ஆலை வந்துவிட்டது. பாரிஸுக்கு வரும்போதே தொழில் அவர் கையில் இருந்தது. அந்தத் தொழில் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனதில், 1685-க்குப் பின் பிரான்சை விட்டு ஓடிய புராட்டஸ்டண்டு கைவினைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுக்கு முந்தைய மார்செய்க்காரர்களோ, 1672-இல் ஆர்மீனியர்களை வரவழைத்து, கிழக்கு நாட்டு முறையில் துணி எழுதக் கற்றுக்கொண்டவர்கள். ஆர்மீனிய வணிகர்கள் இந்தியத் துணியைக் காலங்காலமாகக் கையாண்டவர்கள்.

ஆக, வித்தை ஒரே கப்பலில் போகவில்லை. பாரசீகம், துருக்கி வழியாக ஒரு கிளை; மேற்கு இந்தியாவின் அச்சு முறையை 1678-இல் குறித்துவைத்த பிரெஞ்சு வணிகர் ரோக் வழியாக ஒன்று; புதுச்சேரி வழியாக ஒன்று. கிளைகள் வழியில் மாறியும் போயின. எருமைப்பாலும் கடுக்காயும் ழூயிக்குப் போகவில்லை. அங்கே காரத்தை அச்சில் எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக்கப் பிசினைக் கலந்தார்கள். சாயவேருக்குப் பதில் ஐரோப்பிய மஞ்சிட்டி. ஆனால் நிறமில்லாத காரத்தில் கழுவினால் போகும் சிவப்பைக் கலந்து அடையாளம் காட்டும் தந்திரம் ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் அப்படியே இருந்தது. பதிமுகத்தின் இடத்தில் அதன் உறவான பிரேசில் கட்டை. ஆட்டுப் புழுக்கையின் இடத்தில் மாட்டுச் சாணம். வெயிலும் புல்லும் மாறவே இல்லை. பொலியூ ஆவணம் ழூயியின் ஆசான் என்று நான் சொல்லமாட்டேன். உவே வரைந்த வேலைகளின் அடிப்படை முழுவதும் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே புதுச்சேரியில் நிறைவாக இருந்தது என்பதற்கு, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி அது. அதுவே பெரிய விஷயம்.

அறிவின் வழியைத் தேடிய எனக்கு, அதைவிட உறுதியான இணைப்பு வணிகக் கணக்கில் கிடைத்தது. ஓபர்காம்ஃபின் கணக்குகளையும் கடிதங்களையும் ஆராய்ந்து செர்ஜ் ஷாசாஞ் என்ற வரலாற்றாசிரியர் 1980-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். ழூயியில் அச்சிட்ட வெள்ளைத் துணி எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு நெசவும் உண்டு. ஆனால் நயமான அச்சுக்கு வேண்டிய வெள்ளைத் துணியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1734 முதல் லோரியான் துறைமுகத்தில் ஏலம் நடத்தியது; புதுச்சேரியிலிருந்து போன பொதிகள் அங்கேதான் பிரிக்கப்பட்டன. ஓபர்காம்ஃப் அந்த ஏலங்களின் வாடிக்கையாளர். அவர் காலத்து ழூயி துணிகள் பலவற்றில் மேய்ப்பனும் ஊஞ்சலும் மட்டுமே பிரெஞ்சு; அடியில் உள்ள நூல் நம் ஊர்த் தறியில் ஓடியது.

இன்னொரு சரடும் உண்டு. காரத்தைக் கெட்டியாக்கிய பிசினின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து வந்தது. அங்கே பிசின் விற்றவர்கள் அதற்கு ஈடாகக் கேட்டது 'கினே' என்ற ஆழ்நீலப் பருத்தித் துணியை. வேறெதையும் எளிதில் ஏற்கமாட்டார்கள். அந்த நீலத் துணி சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் முக்கியது. 18-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய இந்தப் பண்டமாற்று 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பெருவணிகமாகவே ஆனது. பிரெஞ்சுச் சுவர்த்துணியின் ஒரு கோடு கலங்காமல் நிற்பதற்கும் நம் கரையின் சாயத்தொட்டிக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கும் என்று எந்த வீட்டலங்காரப் புத்தகமும் சொல்லவில்லை.

சுவர்த்தாளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது துணியின் தங்கை. பாரிஸில் ரெவெயோன் என்பவரின் தாள் ஆலை பேர்போனது. ழூயிக்கு வரைந்த உவே அங்கும் வரைந்தார். 1783 செப்டம்பர் 19-இல் வெர்சாயில் ஆடு, வாத்து, சேவல் மூன்றையும் ஏற்றிப் பறந்த மோன்கோல்ஃபியே பலூன் அந்த ஆலையில்தான் உருவாகி அலங்காரம் பெற்றது. 1789 ஏப்ரலில், புரட்சிக்குச் சில வாரங்கள் முன்பு, கூலி பற்றிய கோபத்தில் திரண்ட மக்கள் அதைச் சூறையாடினார்கள். தாளின் வயதைக் கண்டுபிடிப்பதும் எளிது. 1830 வாக்கில் நீள்சுருள் காகிதம் வரும்வரை, கந்தலில் செய்த 24 தாள்களை ஒட்டி ஒரு சுருள் ஆக்கினார்கள். பழைய சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது அரை மீட்டருக்கு ஒரு ஒட்டு வரி தெரிந்தால், அது அந்தக் காலத்துத் தாள்.

ரிக்சைம் ஊரின் ஸூபேர் ஆலை 1807-இல் 'இந்துஸ்தான்' என்று ஒரு சுவர்க்காட்சியை வெளியிட்டது. மோன்ழேன் வரைந்தது, 20 பட்டிகள், 1265 மர அச்சுகள், 85 நிறங்கள். நான்கு சுவரையும் சுற்றி இந்தியா ஒரே காட்சியாக ஓடும். மோன்ழேன் இந்தியாவைப் பார்த்தவரில்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் அச்சோவியங்களைப் பார்த்து வரைந்தார். அந்த இருவர் 1792-இல் திருச்சி, மதுரை, பாபநாசம் என்று தெற்கெல்லாம் சுற்றி வரைந்தவர்கள். இந்தியத் துணியைத் தடைசெய்த நாட்டில், தடை நீங்கிய அரை நூற்றாண்டுக்குள் இந்தியாவையே சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஆலை பழைய மர அச்சுகளைக் கொண்டு இன்றும் அச்சிடுகிறது.

தேடலில் ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. ஓபர்காம்ஃபின் பெயரில் பாரிஸில் ஒரு தெரு இருக்கிறது. செதுக்கியவர், வரைந்தவர், பச்சை கண்டவர் பெயர்கள் இருக்கின்றன. 1806-இல் நெப்போலியன் தன் மார்பில் இருந்த பதக்கத்தைக் கழற்றி ஓபர்காம்ஃபுக்குக் குத்தினான் என்பதுவரை பதிவு உண்டு. பொலியூவின் முன் உட்கார்ந்து 11 கட்டமாகத் துணி எழுதியவரின் பெயர் அந்த ஆவணத்தில் இல்லை. கெர்தூவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயரும் இல்லை. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் தேடலாம் என்றால், அது தொடங்குவதே 1736-இல். பொலியூ வந்துபோன பிறகு. அவர்கள் தமிழரா, தெலுங்கரா என்பதைக்கூட ஊகித்துச் சொல்வது முறையாகாது. கரை இருவருக்கும் சொந்தம்.

என் தீர்ப்பு இது: ழூயி துணியின் உருவமும் செப்புத்தகட்டுக் கோடும் பிரான்சினுடையவை, அவற்றின் அழகைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் சாய அறிவு இந்தியாவினுடையது. அதன் நூலில் கணிசமான பங்கு நம் கரையினுடையது. 'பிரெஞ்சு மரபு' என்று எழுதும் ஒவ்வொரு புத்தகமும் மற்ற இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம், கும்பகோணம் பகுதிகளில் பழைய வணிகக் குடும்பங்களின் பெட்டிகளில் துணிக் கணக்கு ஓலைகள், ஏடுகள், எழுத்துச் சீட்டித் துண்டுகள் இன்னும் இருக்கலாம். சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கலம்காரி எழுதும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் முன்னோர் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்க ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு துணி இருந்தால் துவைக்காதீர்கள், முனையை வெட்டாதீர்கள், பின்புறம் முத்திரையோ எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏட்டில் சாயக்காரர் பெயர் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ காட்டுங்கள்.